மோரிக்கரையில் ஒரு பூங்கா

ஆஸ்டின் டவுன் என்ற பெங்களூர் வட்டாரத்தில் ஆறு கிடையாது, ஏரியும் கிடையாது. பெங்களூருக்கே வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. அங்கே நீர்க்கரைப் பூங்கா என்று பேச்செடுத்தால், எந்தக் கரை, எந்த நீர் என்றுதான் யாரும் கேட்பார்கள். ஆனால் மழை விட்டு மூன்று நான்கு மாதம் கழிந்த மார்ச் வெயிலிலும் சுற்றுவட்டாரத்து மோரிகளில், அதாவது சாக்கடைக் கால்வாய்களில், தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி காவிரியிலிருந்து வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தைக் கொட்டி ஏற்றி, பெங்களூருக்குள் அனுப்புகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் இன்னும் 77.5 கோடி லிட்டருக்கு ஐந்தாம் கட்டம் வழி செய்தது. இதோடு ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரும் சேர்கிறது. வீட்டுக்குள் நுழையும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு குளித்து, கழுவி, துவைத்து வெளியேறிவிடும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. பாதாளச் சாக்கடைக்குள் போகாமல் தப்புகிற நீர் மோரிக்கு வருகிறது. அங்கிருந்து ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்கு.

ஆஸ்டின் டவுன் இருப்பது கோரமங்கலப் பள்ளத்தாக்கின் சரிவில். இங்கு விழும் மழையும் வழியும் கழிவும் தென்கிழக்காகப் போய் பெல்லந்தூர் ஏரியில் சேர்கின்றன. அது நிரம்பி வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் போகிறது. தட்சிண பினாகினி ஓசூர்ப் பக்கம் எல்லை தாண்டியதும் நமக்குத் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணையின் மதகில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நதிநீர் இணைப்புக்கு மாநாடு கூட்டிப் பேசிக்கொண்டிருக்கிறோம். காவிரியையும் தென்பெண்ணையையும் பெங்களூரின் குளியலறைகள் எப்போதோ இணைத்துவிட்டன.

எனவே இங்கே பூங்காவின் கரைக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை, மோரிக்கரைதான். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒன்று முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது.

மாநகராட்சிப் பதிவேட்டில் அதன் பெயர் கே-100. கே என்பது கோரமங்கலப் பள்ளத்தாக்கு. பழைய பேட்டைப் பகுதியின் பக்கம் தொடங்கி, சாந்திநகர் பேருந்து நிலையத்தை ஒட்டி இறங்கி, ஈஜிபுரா வழியாக பெல்லந்தூர் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும் ராஜகால்வாய் அது. கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மனின் மோட் ஃபவுண்டேஷன் வரைந்து கொடுக்க, அப்போதைய மாநகராட்சி சுமார் 175 கோடி ரூபாய் மதிப்பில் ‘குடிமக்கள் நீர்வழி’ என்று பெயர் சூட்டி வேலையைத் தொடங்கியது. கழிவைத் தனிக் குழாயில் திருப்பிவிடுவது, கால்வாயில் சுத்திகரித்த நீரை மட்டும் விடுவது, இரு கரையிலும் நடைபாதையும் செடியும் இருக்கையும் அமைப்பது என்பது திட்டம். சாந்திநகர்ப் பகுதி முதலில் தயாரானது. கல் பாவிய கரை, கைப்பிடிக் கம்பி, பூச்செடி எல்லாம் பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் சாக்கடை முழுமையாக நிற்கவில்லை, மழை பெய்தால் மறுபடி கலந்துவிடுகிறது, நாற்றம் போகவில்லை என்ற புகார்கள் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருந்தன.

இதை வைத்து அந்தத் திட்டத்தை எள்ளுவது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. கம்பி வேலி போட்டு முதுகைத் திருப்பிக்கொண்டிருந்த ஊரை அந்த நீரின் பக்கம் முகம் திருப்ப வைத்ததே பெரிய காரியம். ஆனால் பூங்காவை எங்கிருந்து வடிவமைக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு அதில் பாடம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

200 ஹெக்டேர் நிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர் போல நெருக்கமான பகுதி. அதில் ஒரு லட்சம் பேர் வசிப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில், ஐந்தில் நான்கு பங்கு கழிவானால் ஒரு கோடியே எட்டு லட்சம் லிட்டர். அதை 24 மணி நேரத்துக்கும் பங்கிட்டால் நொடிக்கு 125 லிட்டர். மழையில்லாத நாளில் அந்தப் பரப்பின் கால்வாய்க்குச் சராசரியாக வரக்கூடிய அதிகபட்ச நீர் இவ்வளவுதான்.

இப்போது செப்டம்பர் மாதத்து ஒரு மாலை. பெங்களூரில் மழை அதிகம் கொட்டுகிற மாதம் அது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்கிறது. மண் தரையாக இருந்தால் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே தளம், தார், சிமென்ட் என்று நிலம் மூடிக் கிடப்பதால் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே வழிந்து ஓடும். அதே 200 ஹெக்டேரிலிருந்து நொடிக்கு 25,000 லிட்டர். சாதாரண நாளின் ஓட்டத்தைப்போல 200 மடங்கு.

நகரத்து நீர்க்கரையை வரைகிறவரின் தலைவலி முழுக்க இந்த 200 மடங்கில் இருக்கிறது. வெயில் நாளுக்கு வரைந்தால் மழையில் இருக்கையும் செடியும் அடித்துக்கொண்டு போகும். மழை நாளுக்கு வரைந்தால் வருடம் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தொட்டியின் அடியில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். நம் ஊர்களில் இரண்டாவதைத்தான் கட்டி வைத்திருக்கிறோம்.

கான்கிரீட் சுவரை உடைத்துப் போட்டுப் புல்லும் கோரையும் வளர்த்தால் ஆகாதா? அங்கும் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. வழவழப்பான கான்கிரீட்டில் ஓடும் நீரைவிட, செடி மண்டிய கால்வாயில் நீர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் அதே வெள்ளத்தைக் கடத்த மூன்று மடங்கு குறுக்குப் பரப்பு வேண்டும். அதாவது அகலம் வேண்டும்.

சிங்கப்பூர் அதைக் கொடுத்தது. பீஷான்–அங் மோ கியோ பூங்காவின் ஓரத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகக் கிடந்த காலாங் ஆற்றுக் கான்கிரீட் வாய்க்காலை உடைத்து, 62 ஹெக்டேர் பூங்காவுக்குள் வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த அகலம், வெள்ளத்தின்போது சில இடங்களில் கிட்டத்தட்ட 100 மீட்டராகும்படி கரையைச் சாய்த்தார்கள். சாதாரண நாளில் நடுவே ஒரு சிற்றோடை. பிள்ளைகள் கல் தாண்டி விளையாடுகிறார்கள். மழை வலுத்தால் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் எழும், ஆட்கள் மேலேறுவார்கள், புல்வெளி ஆறாகிவிடும். வெப்பமண்டல மழையில் எந்த வேர் மண்ணைப் பிடிக்கும் என்று தெரியாததால், முதலில் 60 மீட்டர் நீளத்துக்கு வெவ்வேறு முறைகளை நட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தொட்டார்கள். இந்தப் பொறுமையைத்தான் நான் அதிகம் மெச்சுவேன்.

ஆஸ்டின் டவுனில் 100 மீட்டருக்கு எங்கே போவது? முதல்நிலை ராஜகால்வாய்க்கு நடுக்கோட்டிலிருந்து 50 மீட்டர், இரண்டாம்நிலைக்கு 25, மூன்றாம்நிலைக்கு 15 என்று ஒதுக்கிட விதி வகுக்கப்பட்டது. 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சில ஒதுக்கிடங்களை இன்னும் விரித்து ஆணையிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து பழைய விதிக்கே திருப்பியது. விதி எதுவானாலும், மோரிச் சுவரிலேயே சமையலறைச் சுவரை எழுப்பியிருக்கிற தெருவில் அது தாளில்தான் இருக்கும். பூங்காவுக்காக அந்த வீடுகளை இடிக்கச் சொல்கிறவர், முதலில் அங்கே ‘லீஸ்’ வீட்டுக்குத் தொகை கொடுத்துவிட்டுக் குடியிருப்பவரிடம் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.

கீழே அகலம் இல்லையென்றால் நீரை மேலேயே தாமதிக்க வைக்க வேண்டும். இந்த ஊரில் அதற்கான இடம் எங்கே என்று வரலாறு காட்டிக்கொடுக்கிறது. ஆஸ்டின் டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஹாக்கி அரங்கம் ஒரு காலத்தில் அக்கித்திம்மனஹள்ளி ஏரி. அசோக்நகர் கால்பந்து அரங்கம் இருக்குமிடம் சூளை ஏரி. கண்டீரவா அரங்கம் சம்பங்கி ஏரி. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி. ஏரிகளைத் தூர்த்த தலைமுறைகள், ஏனோ, அவற்றில் பலவற்றை விளையாட்டுத் திடல்களாக்கின. நமக்கு அது அதிர்ஷ்டம். வீடுகள் கட்டியிருந்தால் திரும்ப வாங்கவே முடியாது. திடல் என்றால் நீரோடு பங்குபோட்டுக்கொள்ளலாம்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பெந்தம்பிளைன் என்ற சதுக்கம் 2013 முதல் இப்படித்தான் இயங்குகிறது. படிக்கட்டுகளோடு தரையைத் தாழ்த்திக் கட்டிய விளையாட்டுத் திடல் அது. பெருமழையில் சுற்றுப்புறக் கூரைகளின் நீர் அதற்குள் இறங்கும். 17 லட்சம் லிட்டர் வரை பிடிக்கும். பிறகு மெல்ல வடியும். மறுபடி பந்து உருளும். அதையே ஆஸ்டின் டவுனுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கால்பந்துப் பைத்தியம் உள்ள வட்டாரம் அது, திடலுக்குப் பஞ்சமில்லை. 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்ற முழு அளவுத் திடலை வெறும் 30 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 21 லட்சம் லிட்டர் நிற்கும். கிட்டத்தட்ட ஐந்து ஹெக்டேர் கூரையும் தெருவும் ஒரு மணி நேரத்தில் கொட்டும் மழைநீர் அது. 200 ஹெக்டேருக்கு ஒரு திடல் போதாது, உண்மைதான். பள்ளி மைதானம், சர்ச் வளாகம், அரங்கத்தின் வாகன நிறுத்தம் என்று பத்துப் பதினைந்து இடம் சேர்ந்தால் கால்வாயின் உச்ச வெள்ளம் கணிசமாகத் தணியும். மைதானத்துக்கு வருடத்தில் சில மாலைகள் மட்டும் விடுமுறை. ஒரே நிபந்தனை, வருவது மழைநீராக மட்டுமே இருக்க வேண்டும். சாக்கடை ஒரு சொட்டு கலந்தாலும் பிள்ளைகள் விளையாடும் தரை பாழ். மழைநீர்ச் சேகரிப்பை பெங்களூர் 2009-லேயே சட்டமாக்கியது, ஆனால் சிறிய பழைய மனைகள் அதன் வரம்புக்கு வெளியே. எங்கு பார்த்தாலும் சிறிய பழைய மனையாக இருக்கிற வட்டாரத்துக்குப் பொதுத் திடல்தான் கைகொடுக்கும்.

வெள்ளம் ஒருவழியாக அடங்கட்டும். அந்த 125 லிட்டருக்கு வருவோம். பூங்காவில் வருடத்தின் பெரும்பாலான நாள்கள் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

சம்பும் நாணலும் கல்வாழையும் நட்டால் சாக்கடை தானே சுத்தமாகிவிடும் என்று விழாமேடைகளில் சொல்லக் கேட்டிருப்போம். பாதி உண்மை. சம்பின் தண்டை நறுக்கிப் பார்த்தால் பஞ்சுபோலக் காற்றறைகள் தெரியும். இலை வாங்கும் காற்று அந்த அறைகள் வழியாகச் சேற்றுக்குள் புதைந்த வேர் வரை இறங்குகிறது. வேரின் மேல்தோலிலிருந்து கசியும் ஆக்சிஜன் ஒரு சில மில்லிமீட்டருக்குத்தான் எட்டும். அந்த மெல்லிய வளையத்துக்குள் ஒருவகை பாக்டீரியா குடியிருந்து, கழிவில் உள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. வளையத்துக்கு வெளியே ஆக்சிஜனே இல்லாத சேறு. அங்கே இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டைப் பிடித்து, ஆக்சிஜனை உருவிக்கொண்டு, மீதியை நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகிறது. நம் காற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இருக்கிற அதே தீங்கற்ற வாயு. செடி நேரடியாகத் தின்னும் கழிவு சொற்பம். நுண்ணுயிருக்கு வீடு கொடுப்பதும், அதன் வாசல்வரை காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அதன் பெரிய வேலை.

இந்த வேலைக்கு இடம் வேண்டும். முழுக் கழிவையும் செடிப்படுகையே சுத்தம் செய்ய வேண்டுமானால், நம்மைப்போன்ற வெப்ப நாட்டிலும் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் தேவைப்படும். ஒரு லட்சம் பேருக்குப் பத்து முதல் இருபது ஹெக்டேர். அந்த இடம் இருந்தால் சிங்கப்பூர்க்காரர் மாதிரி ஆறே வெட்டியிருக்கலாம்! எனவே சாக்கடை குழாய்க்குள் போய், சுத்திகரிப்பு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வெளிவரும் நீர்தான் செடிப்படுகைக்கு வர வேண்டும். கடைசி மெருகு மட்டும் செடியின் பொறுப்பு. பெங்களூரின் வடக்கே ஜக்கூர் ஏரியில் இந்த வரிசையில்தான் நடக்கிறது: சுத்திகரிப்பு நிலையம், அதன் வாயிலில் செடிகள் நிறைந்த ஈரநிலம், அப்புறம் ஏரி. இந்த வரிசை தலைகீழாகும்போது என்ன நடக்கும் என்பதற்கு பெல்லந்தூர் சாட்சி. சலவைத் தூளின் வழலைப் பொருள்கள் அடிச்சேற்றில் படிந்து கிடந்து, மழையில் கலங்கி, கலிங்கில் விழும்போது காற்றோடு அடிபட்டு நுரையாகின்றன. 2015-லும் 2017-லும் 2018-லும் அந்த ஏரியில் தீயே பிடித்தது. ஏரி தீப்பிடிக்கும் என்று நம் பாட்டிகளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தென்கொரியாவின் சோல் நகரத்து சோங்கேசோன் ஓடையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. கே-100 பற்றி எழுதியவர்கள் பலரும் அதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஓடையை மூடி மேலே கட்டியிருந்த மேம்பாலச் சாலையை இடித்து, 2003-இலிருந்து 2005-க்குள் 5.8 கிலோமீட்டர் நீரோடையைத் திறந்தார்கள். கோடையில் நகரின் மற்ற பகுதிகளைவிட அங்கே சராசரியாக 3.6 டிகிரி குளிர்ச்சி என்று அளந்து சொன்னார்கள். அதில் ஓடுவதோ, நாளொன்றுக்கு 12 கோடி லிட்டர், பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றி விடுவது. மழை வலுத்தால் கழிவும் மழையும் கலந்த பழைய வாய்க்கால்களின் மதகு திறந்து ஓடைக்குள் கொட்டும், நடப்பவர்களை வெளியேற்றுவார்கள். அழகிலும் கூட்டத்திலும் அது பெருவெற்றி. நீடித்து நிலைப்பது என்ற அளவுகோலில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஏற்கெனவே ஒரு ஆற்றை அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிற பெங்களூர், வேடிக்கை பார்ப்பதற்காக இன்னொன்றை ஏற்றக்கூடாது. இங்கேதான் ஒரு லட்சம் பேர் பயன்படுத்திய நீர் தானாகவே இறங்கி வருகிறதே. சுத்திகரித்துக் கொடுத்தால் நொடிக்கு நூறு லிட்டர் சொச்சம், வருடம் முழுக்க, மோட்டார் செலவு அதிகமில்லாமல் கிடைக்கும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு சிற்றோடை ஓட அது தாராளம்.

குளிர்ச்சி விஷயத்தையும் அளவோடு நம்பலாம். ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து வெயில் நாளில் ஐந்து லிட்டர் ஆவியானால், அது இழுத்துக்கொள்ளும் வெப்பம் ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஆனால் அந்த ஈரக்காற்று நகர வேண்டும். இரு பக்கமும் மூன்று மாடி வீடுகள் நெருக்கிய சந்தில் அது புழுக்கமாகத்தான் தேங்கும். அதனால் கால்வாய் போகும் திசையில் காற்றுக்கு வழிவிட்டு, மேற்கு வெயிலை மறைக்கும் பக்கத்தில் மரங்களை நிறுத்த வேண்டும். ஈரக்கரையில் நீர்மருதும் நாவலும், சற்று மேட்டில் புங்கனும் இந்த மண்ணுக்குப் பழகியவை. வெள்ளம் உராயும் சரிவுக்கு வெட்டிவேர்.

பூங்கா வந்தால் கொசு வருமே என்பது தெருக்காரர்கள் எழுப்புகிற முதல் ஆட்சேபம். சரியான ஆட்சேபம். சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸ், அழுக்காகத் தேங்கிய நீரில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். மூன்று நாளைக்கு மேல் எங்கும் நீர் அசையாமல் நிற்காதபடி அடிமட்டத்தைச் சரிவாக அமைத்துவிட்டால் அதன் வளர்ச்சி பாதியிலேயே அறுந்துவிடும். சுத்தமான ஓட்டமிருந்தால் மீன் வரும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் வளர்வது நம் மொட்டைமாடித் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும். அதற்குப் பூங்காவைக் குற்றம் சொல்ல முடியாது.

இவ்வளவும் சேர்ந்தால் வேலையின் வரிசை தானே புலப்படும். முதல் ரூபாய் வீட்டுக் கழிவுக் குழாய்களைத் தேடிப் பிடித்துப் பாதாளச் சாக்கடையோடு சேர்ப்பதற்கு. அது யார் கண்ணிலும் படாத வேலை, திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டக்கூட இடமில்லை. அடுத்த ரூபாய் மேட்டுத் திடல்களுக்கு. அப்புறம் கால்வாயின் அடிமட்டத்தில் சிற்றோடைக்கு ஒரு சிறிய பள்ளம், அதன்மேல் வெள்ளத்துக்கு அகன்ற படிகள், வெள்ளம் மூழ்கடித்தாலும் கழுவி விட்டுவிடக்கூடிய கல் தரை. நடைபாதையும் விளக்கும் கடைசி. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வந்துவிட்டது. குழாய் குடிநீர் வாரியத்திடம், கால்வாயும் திடலும் வேறு வேறு கைகளில். வடிவமைப்பாளரின் பாதி நாள் அலுவலகப் படிகளில்தான் போகும்.

வரைபடத்தில் ஒன்றை மட்டும் யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து கால்வாய்க்குள் ஜேசிபி இறங்கும் அளவுக்கு அகலமான சரிவுப்பாதை, சில நூறு மீட்டருக்கு ஒன்று. மாதிரிப் படத்தில் அது அழகாக இருக்காது, அந்த இடத்தில் இன்னும் இரண்டு பூச்செடி வைக்கலாம் என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேட்டிலிருந்து மண்ணும் கட்டட இடிபாடும் பிளாஸ்டிக்கும் வந்து படிகளில் படியும். மே மாதத்துக்குள் அதை அள்ளி லாரியில் ஏற்றியாக வேண்டும், ஜூனில் பருவமழை இறங்குவதற்கு முன்.